பழசானால் ருசி என்று யார் சொன்னது?

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு சதாபிஷேகம். சாப்பாட்டுக்குப் போகும் முன் மைக்கைப் பிடித்த ஒருவர், "சார் ஒயின் மாதிரி. வருஷம் ஏற ஏற ருசியும் ஏறும்" என்றார். கூட்டம் கைதட்டியது. ஒயினைக் கண்ணால்கூடப் பார்த்திராத மாமிகள் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டார். பந்திக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்த வாக்கியம் பொய். ஏதோ சில ஒயின்களுக்குப் பொருந்தும் ஒரு உண்மையை எல்லாவற்றுக்கும் பொருத்தியதால் வந்த பொய். நம் ஊரில் அது எத்தனையோ நல்ல பாட்டில்களைக் கொன்றிருக்கிறது. அதில் ஒரு கொலையில் எனக்கும் பங்கு உண்டு. அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. யாரையும் குடிக்கச் சொல்ல நான் இதை எழுதவில்லை. குடிக்காதவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் வாங்கவே வேண்டாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து பிள்ளையோ மருமகனோ ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுக்காத வீடு இன்று தி.நகரிலும் அடையாறிலும் குறைவு. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஹாலில், கண்ணாடி ஷோகேஸில், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் தாஜ்மகாலுக்கும் நடுவில், டியூப் லைட்டுக்குக் கீழே, நிமிர்ந்து நிற்கிறது. "ஏன் சார் திறக்கலை?" என்று கேட்டால், "இருக்கட்டும், பழசானா ருசி" என்பார்கள்.

நமக்கு ஒயினைப் பற்றித் தெரியாதது நம் தப்பில்லை. 'ஒயின் ஷாப்' என்று பெயர் வைத்து, அதில் பிராந்தியும் ரம்மும் விற்ற ஊர் இது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது; 1971-இல்தான் முதலில் தளர்ந்தது. ஒரு தலைமுறைக்கு அந்த வார்த்தை மட்டும்தான் தெரியும், பொருள் தெரியாது. நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே கதை வேறு. எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா'. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்போடு ஒரு கிளாஸ் ஒயின், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு. அவர் வாங்கிய பாட்டில் எதுவும் அந்த மாதத்தைத் தாண்டியதில்லை. பிரான்சிலும் சாதாரண ஜனங்கள் அப்படித்தான் குடிக்கிறார்கள். ஒயினைப் பழசாக்கவேண்டும் என்ற ஏக்கம் ஒயின் புழங்கும் வீடுகளில் குறைவு. புழங்காத வீடுகளில்தான் அதிகம்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஆபீஸில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதை எத்தனை காலம் வைத்திருக்கவேண்டும் என்றும் எழுதிவிடுவோம். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். விடுப்பு விண்ணப்பத்துக்கு யாரும் 'நிரந்தரம்' என்று எழுதமாட்டார்கள். எழுதினால் ரெக்கார்டு ரூம் தாங்காது. ஒயினுக்கும் அதே கதைதான். உலகத்தில் தயாராகும் சிவப்பு ஒயினில் பெரும்பகுதி ஓராண்டு, மூன்றாண்டு ரகம். கொஞ்சம் பத்தாண்டு. அதற்கு மேல் தாங்குவது மிகமிகச் சொற்பம். நாம் என்ன செய்கிறோம்? வந்த பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 'நிரந்தரம்' என்று எழுதி ஷோகேஸில் வைத்துவிடுகிறோம்.

பிரெஞ்சில் இதற்கு ஒரு தனிச் சொல்லே உண்டு: 'வேன் து கார்து'. 'கார்து' என்றால் காவல், பாதுகாத்து வைத்தல். காவல் வைக்கத் தகுந்த ஒயின் என்று பொருள். அப்படி ஒரு சொல் தனியாக இருப்பதே, மற்றதெல்லாம் காவலுக்குத் தகுதியில்லாதது என்பதற்குச் சாட்சி. போஜொலே நூவோ என்று ஒரு சிவப்பு ஒயின். அந்த வருஷம் அறுத்த திராட்சை, அந்த நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையே கடைக்கு வந்துவிடும். மறு கோடைக்குள் குடித்துவிடவேண்டும். அதைப் பத்து வருஷம் வைப்பவன், நுங்கை வாங்கி அடுத்த சித்திரைக்கு வைப்பவன்.

சரி, எது தாங்கும்? இதைத் தமிழனுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் அறுசுவையில் துவர்ப்பைச் சேர்த்தவர்கள் நாம். நாவல்பழம் தின்றால் நாக்கு மரத்து இழுக்கிறதே, இளம் பாக்கும் வாழைப்பூவும் வாயைக் கட்டுகின்றனவே, அந்தத் துவர்ப்புதான் நல்ல சிவப்பு ஒயினின் முதுகெலும்பு. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது, டானின் என்பார்கள். கூடவே புளிப்பு வேண்டும். பழத்தின் சாரம் அடர்த்தியாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் முதலிலேயே நிறைய இருந்து, ஒன்றுக்கொன்று சரியாகவும் இருந்தால்தான் அந்த ஒயினுக்கு வயது ஏறும் தெம்பு உண்டு. இல்லாததைக் காலம் கொண்டுவந்து சேர்க்காது. மெலிந்த ஒயின் பத்து வருஷம் கழித்து மெலிந்த கிழட்டு ஒயின்தான்.

தெம்பு உள்ள ஒயினில் நடப்பது இதுதான். துவர்ப்புப் பொருளும் சாயப் பொருளும் மெள்ள ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கனம் தாங்காமல் அடியில் வண்டலாக இறங்கும். நாக்கை அறுத்த துவர்ப்பு மழுங்கும். நாவல்பழ நிறம் மாறிச் செங்கல் நிறம் வரும். புதுப் பழ வாசனை அடங்கி, பதப்படுத்திய தோல், சுருட்டுப் பெட்டி, மழை விட்ட மறுநாள் தோட்டத்தில் கிடக்கும் சருகு, இப்படி வேறு வேறு வாசனைகள் எழும்பும். போர்தோவில் லத்தூர், லாஃபித், மார்கோ போன்ற தோட்டங்கள் 1855-இல் முதல் தரம் என்று வகைப்படுத்தப்பட்டவை. அவற்றின் 1961, 1982 போன்ற நல்ல வருஷத்து ஒயின்கள் பல பத்தாண்டுகள் தாங்கியவை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் உங்கள் ஷோகேஸ் பாட்டிலில் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். 'போர்தோ' என்று மட்டும் போட்டிருந்தால், அது 'தஞ்சாவூர்' என்று எழுதிய அரிசி மூட்டை மாதிரி. ஊர் தெரிகிறது, எந்த வயல், எந்த நெல் என்று தெரியாது.

அப்படியே முதல் தர பாட்டிலாக இருந்தாலும், காவல் என்பது வைத்துவிட்டு மறந்துபோவது இல்லை. ஒயினுக்கு 12, 13 டிகிரி குளிர் வேண்டும். அது கோடையிலும் குளிர்காலத்திலும் மாறாமல் இருக்கவேண்டும். இருட்டு வேண்டும். கொஞ்சம் ஈரம் வேண்டும். பாட்டில் படுத்திருக்கவேண்டும், அப்போதுதான் கார்க் நனைந்து உப்பி, காற்றை உள்ளே விடாது. நிற்க வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும். நம் சென்னை வீட்டில் இதில் எது உண்டு? 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த உச்சத்தை விடுங்கள். சாதாரண நாளிலேயே நம் ஹால் முப்பதுக்குக் கீழே இறங்குவது மார்கழியில்தான். பத்து டிகிரி சூடு ஏறினால் ரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பள்ளியில் படித்தோம். இருபது டிகிரி என்றால் நான்கு மடங்கு. வேகம் மட்டும் கூடினால் சீக்கிரம் பழுத்துவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தச் சூட்டில் ஒயின் பழுப்பதில்லை, வேகிறது. பகலில் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும், ராத்திரி ஏ.சி.யில் சுருங்கிக் காற்றை இழுக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு மூச்சு. 2012-இல் சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷோகேஸ் என்ன செய்யும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமே உண்டு. 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787 வருஷத்து லாஃபித் என்று ஒரு பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுடையது என்றார்கள். எடுத்தது ஃபோர்ப்ஸ் குடும்பம். கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்து விளக்குப் போட்டார்கள். விளக்குச் சூட்டில் கார்க் காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது. அது உண்மையிலேயே ஜெஃபர்சன் பாட்டில்தானா என்ற சந்தேகம் பின்னால் கோர்ட் வரை போனது தனிக் கதை. நாம் டியூப் லைட்டுக்குக் கீழே செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள், கொஞ்சம் அதிகச் செலவில்.

விஷயம் தெரிந்த ஒருவர் என்னிடம் வாதாடினார்: "சூடு கெடுதல்னா, அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரன் மதீரா ஒயினை மெட்ராஸ் வழியா அனுப்பி ருசி ஏத்தினானே?" நல்ல கேள்வி. மதீரா தீவில் ஏற்றிய பீப்பாய்கள் கப்பலில் இந்தியா வரை வந்து, வெயிலில் வெந்து, திரும்பிப் போய் அதிக விலைக்கு விற்றது உண்மை. ஆனால் மதீராவில் பிராந்தி கலந்து சாராயச் சத்தைக் கூட்டியிருப்பார்கள். இன்றைக்கும் அதன் ஒரு ரகத்தை வேண்டுமென்றே 45, 50 டிகிரியில் மாதக்கணக்கில் சூடேற்றித்தான் தயாரிக்கிறார்கள். சூட்டுக்கென்றே பிறந்த ஒயின் அது. போர்தோவிலும் கோஸ் தெஸ்தூர்னெல் தோட்டத்துக்காரர் தன் ஒயின் இந்தியா போய்த் திரும்பியது என்று பெருமையாக விற்றார். மாளிகை உச்சியில் கீழ்நாட்டுக் கோபுரங்கள்கூடக் கட்டினார். அதுவும் சில மாதக் கடல் பயணம். இருபது வருஷம் பீரோ மேல் இருந்த பயணம் இல்லை. கஞ்சிக்கு வேகவைப்பதையும் கரியாக்குவதையும் ஒன்றென்று சொல்லலாமா?

இன்னொரு வாதம்: "அப்போ பழசாகாத ஒயின் மட்டமா?" இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம். நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடையைத் திறந்தால் வீடே மணக்கும் அந்த வாசனைதான் அதன் சொத்து. துவர்ப்பு குறைவு. சாந்தோமில் கிறிஸ்துமஸுக்கு இந்தத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் பட்டை கிராம்பும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் வேடு கட்டி, நாள் கணக்குப் பார்த்து வடித்த பாட்டிமார்களை எனக்குத் தெரியும். அந்த ஒயினைக் கேக்கோடு அந்தப் பண்டிகையிலேயே குடித்துத் தீர்த்தார்கள். அடுத்த ஈஸ்டருக்குக்கூட வைக்கவில்லை. அவர்களுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. ஒயினின் குணம் தெரியும். மல்லிகைப் பூ மறுநாள் வாடுகிறது என்பதற்காக அதை மட்டம் என்பவர் யாராவது உண்டா?

நாம் பழமையின் அருமை தெரியாதவர்களும் இல்லை. பழைய அரிசிதான் உதிரியாக வடியும் என்று தெரியும். வடுமாங்காய் ஊறவேண்டும் என்று தெரியும். அதே சமயம் நல்லெண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், காபிப்பொடி ஒரு வாரத்தில் மணம் போகும் என்றும் தெரியும். அடுக்களையில் இவ்வளவு விவரமாக இருக்கும் நாம், வெளிநாட்டு பாட்டில் என்றதும் மூளையைக் கழற்றி ஷோகேஸில் வைத்துவிடுகிறோம். விலை அதிகம், வந்த தூரம் அதிகம் என்பதால் தொடப் பயம். பயத்துக்கு நாம் வைத்த கௌரவமான பெயர்தான் 'பழசானால் ருசி'.

இனி ஒப்புக்கொள்ளவேண்டியது.

எங்கள் செக்ஷனில் எனக்கு மூத்தவர் ஒருவர், தி.நகர்க்காரர். 2002-இல் ஓய்வு பெற்றார். பிரான்சில் இருந்த மகன் அதற்காக ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். 1999 போர்தோ, சாதாரண ரகம். "என்னய்யா, நீ பிரெஞ்சு படிச்சவனாச்சே, இதைப் படிச்சுச் சொல்லு" என்று என் கையில் கொடுத்தார். லேபிளை உரக்கப் படித்தேன். உச்சரிப்பைக் கேட்டு எல்லோரும் அசந்துபோனார்கள். அந்த மிதப்பில், "இதை இப்போ தொடாதீங்க சார், வைக்க வைக்க ஏறும்" என்றேன். எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது பிரெஞ்சு மட்டும்.

அவர் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, பையன் ஆசையா கொண்டுவந்திருக்கான், ஒரு சொட்டு பார்த்துடலாமே" என்றார். ஜன்மத்தில் மதுவைத் தொடாத அம்மாள். "அவர் சொல்றாரில்லே, இருக்கட்டும்" என்று இவர் பாட்டிலை ஷோகேஸில் வைத்துப் பூட்டினார். அடுத்த மே மாதம்தான் அந்த 45 டிகிரி.

2008-இல் நான் ஓய்வு பெற்றுப் பாரிஸ் போனபோது சித்தப்பா மகன் தன் நிலவறையிலிருந்து 1982 மெதோக் ஒன்றை எடுத்துவந்து திறந்தான். இரண்டு பேர் பேச்சை நிறுத்திக் குடித்தோம். அன்றைக்கு அவன் விளக்கியதுதான் மேலே நான் எழுதியதில் பாதி. அப்போதே எனக்கு தி.நகர் பாட்டில் ஞாபகம் வந்தது. ஊர் திரும்பியதும் சொல்லியிருக்கவேண்டும். "சார், நான் சொன்னது தப்பு, இன்னிக்கே திறங்க" என்று ஒரு போன். செய்யவில்லை. நிபுணர் பட்டம் போய்விடும் என்ற வெட்கம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அவர் வீட்டுக்குப் போவேன். அந்த அம்மாள் சுண்டல் கொடுப்பார். ஷோகேஸில் பாட்டில் நிற்கும். நான் பொம்மைகளைப் பார்ப்பேன்.

2017-இல் அந்த அம்மாள் காலமானார்.

இந்த வருஷம் ஜனவரியில் அவருக்கு எண்பது. மகன் வந்திருந்தான். பாட்டிலைத் திறந்தார்கள். கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கண்ணாடி கிளாஸில் ஊற்றியபோது கொதித்து ஆறிய டிகாக்ஷன் நிறம். வாசனையே போதும். வினிகருக்கு பிரெஞ்சில் 'வினெக்ரு' என்று பெயர். புளித்த ஒயின் என்று அர்த்தம். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "அவளுக்கு அன்னிக்கே ஒரு சொட்டு கொடுத்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அதனால்தான் மயிலாப்பூரில் எனக்குக் கை எழும்பவில்லை.

ஷோகேஸில் பாட்டில் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். லேபிளில் உள்ள வருஷம் திராட்சை அறுத்த வருஷம். அதிலிருந்து கணக்குப் போடுங்கள். வந்து ஒரு வருஷத்துக்குள் திறந்துவிடுங்கள். அதுவரை வீட்டிலேயே குளுமையான இருட்டு மூலையில் படுக்க வையுங்கள். மே மாதம் என்றால் ஃப்ரிட்ஜின் அடித்தட்டே மேல். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'ஷாம்ப்ரே' என்று பிரெஞ்சில் சொல்வது 16, 18 டிகிரி இருக்கும் அவர்கள் அறையை. நம் அறையை இல்லை. குடிக்கும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். யாரோடு குடிக்க நினைத்தீர்களோ, அவர்கள் வீட்டில் இருக்கும்போதே திறங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்ட லாபமாவது மிஞ்சும்.

பாட்டிலுக்கு இருக்கட்டும், மனிதனுக்காவது அந்த வாக்கியம் பொருந்துமா என்று கேட்பீர்கள். பிறக்கும்போது கொண்டுவந்த சரக்கு, வைத்திருந்த இடம், காவல் காத்தவர்கள், இவ்வளவையும் பார்க்காமல் வயதை மட்டும் எண்ணிக் கைதட்டுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த பாட்டிலை அவர் தூக்கிப் போடவில்லை. கழுவி, தண்ணீர் ஊற்றி, மணி பிளான்ட் வைத்திருக்கிறார். நன்றாகத் தழைத்திருக்கிறது. போன வாரம் போனபோது பார்த்தேன்.